கேவிஎம் பெட்டி வாங்கி நான் பட்ட பாடு

என் வேலை புத்தக வடிவமைப்பு. பதிப்பகங்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுப்பேன், அட்டையும் செய்வேன். சென்னையில் வீட்டிலேயே ஒரு மூலையில் மேசை போட்டு, வருடக்கணக்காக இதுதான் பிழைப்பு. மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று விண்டோஸ் 7 ஓடும் பழைய டெஸ்க்டாப். அதற்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. ஆனால் பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளில் செய்த பழைய புத்தகங்களும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் அதில்தான் ஒழுங்காகத் திறக்கின்றன. மறுபதிப்பு என்று யார் வந்தாலும் அந்தக் கிழவனைத்தான் எழுப்பியாக வேண்டும். இன்னொன்று விண்டோஸ் 11 லேப்டாப். புது வேலைகளும் அட்டைகளும் அதில்.

மானிட்டர் ஒன்றுதான். 24 அங்குலம், 1920×1080. அதிலிருந்து வரும் ஒரே எச்டிஎம்ஐ கேபிளை இங்கே பிடுங்கி அங்கே சொருகுவேன், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. கீபோர்டும் மவுஸும் இரண்டிரண்டு. மேசையில் காப்பி டம்ளர் வைக்க இடமில்லை. போன வருடம் அக்டோபரில், இதைப் பார்த்துவிட்டு அண்ணன் மகன், "ஒரு கேவிஎம் வாங்கிப் போடுங்க அத்தை, பட்டனை அழுத்தினா ஸ்கிரீன், கீபோர்டு, மவுஸ் மூணும் சேர்ந்து மாறும்" என்றான். ஆன்லைனில் தேடி, பெட்டி மேல் '4கே' என்று பெரிதாகப் போட்டிருந்த ஒன்றை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதை அப்போது ஒரு வசதி என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரம் சொர்க்கம். ஒரே ஒரு தொந்தரவு, லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு டெஸ்க்டாப் பக்கம் மாறினால் லேப்டாப் தூங்கிவிடும். திரும்ப வந்தால் இருட்டு. மூடியைத் திறந்து எழுப்ப வேண்டும். சரி, லேப்டாப் என்றால் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். டெஸ்க்டாப்பின் ஃபேன் சத்தம் தாங்காமல் அதை அறையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்து, 900 ரூபாய் கொடுத்து 5 மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் ஆரம்பித்தது வினை. டெஸ்க்டாப்புக்கு மாறினால் சில சமயம் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்து, ஐகான்கள் எல்லாம் இடது மூலையில் குவிந்து கிடக்கும். செட்டிங்கில் போய்ப் பார்த்தால் 1024×768. மறுபடி 1920×1080 வைக்கலாம் என்றால் அந்தப் பட்டியலிலேயே அது இருக்காது. இரண்டு மூன்று முறை பட்டனை அழுத்தினால் தானாகச் சரியாகும். பேஜ்மேக்கரின் கருவிப் பெட்டிகள் மட்டும் எங்கெங்கோ சிதறியிருக்கும், ஒவ்வொரு தடவையும் பொறுக்கி அடுக்க வேண்டும்.

டெஸ்க்டாப்புக்கு வயதாகிவிட்டது, கிராபிக்ஸ் கார்டு போகப்போகிறது என்று நானே முடிவு கட்டினேன். சர்வீஸ் பண்ணும் பையன் வந்தான். "டிரைவர் கரப்ட் ஆயிடுச்சுக்கா, ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்" என்றான். அடித்தான். 800 ரூபாய் வாங்கிக்கொண்டான். பணம் போனது பெரிதில்லை. என் எழுத்துருக்களையும் தட்டச்சு மென்பொருளையும், வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த ஸ்டைல்களையும் பழையபடி கொண்டுவர முழுதாக இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் மாலை பட்டனை அழுத்தினேன், மறுபடியும் 1024×768. அழுகை வராத குறை. அடுத்து பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கி மாற்றினோம். அதற்கும் மசியவில்லை.

கடைசியில் கேபிளையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு சின்னக் கடையில் இருந்த பெரியவர் என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏம்மா, நடுவுல அந்தப் பெட்டி இல்லாம, கேபிளை நேரா சொருவிப் பாத்தியா?" பார்க்கவில்லை. இத்தனை செலவு செய்தவள் அந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. பெட்டி என்பது வெறும் பிளக் பாயிண்ட் மாதிரி, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து டெஸ்க்டாப்பை மானிட்டர் பக்கத்தில் இழுத்துப்போட்டு, சின்ன கேபிளில் நேராகச் சொருகினேன். பத்துத் தடவை பிடுங்கிச் சொருகினாலும் பத்துத் தடவையும் 1920×1080. இந்தப் பெட்டி வைத்திருக்கும் யாரும் தகராறு என்று வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் ஆகாது. ஃபார்மட், கார்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

மறுநாள் திரும்பப் போய் அவரிடமே விளக்கம் கேட்டேன். அவர் சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்த்து எழுதுகிறேன். ஒவ்வொரு மானிட்டருக்கும் ஒரு ஜாதகம் உண்டு. ஈடிஐடி என்று பெயர். அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்டுகள். யார் செய்தது, என்ன மாடல், எந்த ரெசல்யூஷன் எல்லாம் காட்டும் என்பது அதில் இருக்கும். தயாரான வாரமும் வருடமும்கூட இருக்கும், அதனால் ஜாதகம் என்பது ரொம்பவும் பொருத்தம். எச்டிஎம்ஐயில் மொத்தம் 19 பின்கள். அவற்றில் இரண்டு, 15-ம் 16-ம், இந்த ஜாதகத்தை வாசிக்கத்தான் இருக்கின்றன. 19-ஆவது பின் 'மானிட்டர் இருக்கிறேன்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மலிவான பெட்டிகளில் பட்டனை அழுத்தியதும் விட்டுப்போகும் கம்ப்யூட்டருக்கு இந்தத் தொடர்பு அறுந்துவிடும். அதைப் பொறுத்தவரை யாரோ மானிட்டரைப் பிடுங்கிவிட்டார்கள். மூடி வைத்த லேப்டாப்பாக இருந்தால், இனி எனக்குத் திரையே இல்லை என்று தூங்கப் போகும். நான் 'லேப்டாப் என்றால் அப்படித்தான்' என்று விட்டது இதைத்தான். திரும்பி வரும்போது ஜாதகத்தை மறுபடி வாசிக்க வேண்டும். கேபிள் நீளம், மின்சாரம் போதாத பெட்டி, நடுவில் இரண்டு இணைப்பு என்று இருந்தால் வாசிப்பு தடுமாறும். வாசிக்க முடியாவிட்டால் கம்ப்யூட்டர் வம்பு வேண்டாமென்று ஏறக்குறைய எல்லா மானிட்டரும் காட்டக்கூடிய 1024×768-க்கு இறங்கிவிடும். பட்டியலில் 1920×1080 காணாமல் போனதும் அதனால்தான்.

அந்த 5 மீட்டர் கேபிள்தான் கடைசி அடி. பெட்டி நடுவில் வந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்கு ஒன்று, பெட்டியிலிருந்து மானிட்டருக்கு ஒன்று என்று பாதை இரண்டாகிறது, நீளமும் கூடுகிறது. இரண்டையும் ஒன்றரை மீட்டருக்குள் வைத்தால் பாதித் தொல்லை வராது. கேபிளைச் சுருக்கியதும் எனக்கு 1024×768 வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. லேப்டாப் தூங்குவது மட்டும் நிற்கவில்லை. பவர் ஆப்ஷன்ஸில் போய், மூடினால் எதுவும் செய்யாதே என்று வைத்ததும் தூக்கமும் நின்றது. ஆனால் திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு ஓடிப்போய்க் குவிந்துகொண்டன. விண்டோஸ் 11-இல் சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் என்று போனால், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வை என்று ஒரு டிக் இருக்கிறது. அதை இட்டால் திரும்பி வரும்போது பெரும்பாலும் பழைய இடத்துக்கு வந்துவிடும். விண்டோஸ் 7-இல் அது இல்லை, என் பேஜ்மேக்கருக்கு விமோசனமும் இல்லை.

இதற்கு நிரந்தரத் தீர்வு, ஈடிஐடியைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் பெட்டி. நாம் எந்தப் பக்கம் மாறினாலும் அது இரண்டு கம்ப்யூட்டருக்கும் எப்போதும் ஒரு ஜாதகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும், யாருக்கும் மானிட்டர் போன மாதிரி தெரியாது. விளம்பரத்தில் 'ஈடிஐடி எமுலேஷன்' என்று போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று தனி அடாப்டரோடு வந்தது, 6,200 ரூபாய். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். மாட்டியதும் எல்லாம் சரியானது. 1920×1080, தூக்கம் கிடையாது, பேஜ்மேக்கரின் கருவிப் பெட்டிகள்கூட இருந்த இடத்திலேயே இருந்தன. வந்த வினை போயிற்று என்று நிம்மதியாக இருந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நிஜமான நஷ்டம்.

டிசம்பர் கடைசி. நந்தனத்தில் புத்தகக் காட்சி நெருங்க நெருங்க எங்கள் தொழிலில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஒரு பதிப்பகத்துக்குக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் அட்டை. ஒரு பாட்டியின் பழைய புகைப்படம், பின்னணி முழுக்க நிழல். லேப்டாப்பில் திறந்தால் படம் வெளிறித் தெரிந்தது. கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. பழைய படம், ஸ்கேன் சரியில்லை என்று நினைத்து நிழல்களை இறக்கி, கான்ட்ராஸ்ட் ஏற்றி, திரையில் அழகாகத் தெரியும்வரை செய்தேன். நேரமில்லை என்று ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுக்காமல் அனுப்பினோம். 300 அட்டை டிஜிட்டலில் அச்சாகி, லேமினேஷனும் முடிந்து வந்தது. பதிப்பாளர் ஃபோனில் கோபப்படக்கூட இல்லை, "மேடம், முகமே தெரியலையே" என்றார், அவ்வளவுதான். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். கண் இருந்த இடத்தில் இரண்டு குழி, புடவை எது பின்னணி எது என்று தெரியவில்லை. அச்சகத்தின் மேல்தான் முதலில் பாய்ந்தேன். அவர்கள் பாவம், என் ஃபைலை அப்படியே அடித்திருக்கிறார்கள்.

அதே ஃபைலை ஃபோனில் திறந்தேன், இருட்டு. லேப்டாப்பின் சொந்தத் திரையில் பார்த்தேன், இருட்டு. என் மானிட்டரில் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அப்போதுதான் ரிச்சி தெரு பெரியவர் ஞாபகம் வந்தது. பெட்டியைக் கழற்றி நேராகச் சொருகினேன். மானிட்டரிலும் இருட்டு!

நடந்தது இது. கம்ப்யூட்டர் நிறங்களை 0 முதல் 255 வரை அனுப்பும். டிவி உலகத்தின் பழக்கம் வேறு, அங்கே கறுப்பு 16-இல் ஆரம்பித்து வெள்ளை 235-இல் முடியும். முதலாவது ஃபுல் ரேஞ்ச், இரண்டாவது லிமிடெட் ரேஞ்ச். எச்டிஎம்ஐ டிவிக்காகவும் வந்த இணைப்பு என்பதால், 1920×1080 என்றதும் எதிரே இருப்பது டிவி என்று எடுத்துக்கொண்டு லிமிடெட்டில் அனுப்பும் வழக்கம் கிராபிக்ஸ் டிரைவர்களுக்கு உண்டு. மானிட்டர் ஃபுல் ரேஞ்சை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, 16 என்ற கறுப்பு வந்து சேர்ந்தால் அது சாம்பலாகத்தான் தெரியும். மானிட்டர் வாங்கிய புதிதில் நண்பர் ஒருவர் வந்து லேப்டாப்பில் இதை ஃபுல்லுக்கு மாற்றி, நிறங்களைச் சரியாகக் காட்ட உதவும் கலர் ப்ரொஃபைலும் போட்டுக் கொடுத்திருந்தார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. இந்த அமைப்புகளை எல்லாம் விண்டோஸும் கிராபிக்ஸ் டிரைவரும் மானிட்டரின் ஜாதகத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டு சேமிக்கின்றன. என் புதுப் பெட்டியோ என் மானிட்டரின் ஜாதகத்தைக் காட்டவில்லை, ஃபேக்டரியில் போட்டு அனுப்பிய தன் சொந்த ஜாதகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதிலும் 1920×1080 என்றே இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. விண்டோஸுக்கு அது புது மானிட்டர். பழைய அமைப்பு எதுவும் ஒட்டாமல், லிமிடெட்டுக்குப் போய்விட்டது.

இதைக் கண்டுபிடிப்பது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் 5,400 ரூபாய்க்கு அட்டையை என் கைக்காசில் மறுபடி அடித்திருக்க வேண்டாம். விண்டோஸ் 11-இல் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற பக்கத்தைத் திறந்தால் மானிட்டரின் பெயர் மேலேயே இருக்கும். நேராகச் சொருகும்போது ஒரு பெயர், பெட்டி வழியாக வேறு பெயர் என்றால், கம்ப்யூட்டர் பார்ப்பது உங்கள் மானிட்டரை அல்ல. பல பெட்டிகளில் மானிட்டரின் ஜாதகத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கும், பட்டனை அழுத்திப் பிடிப்பதோ கீபோர்டில் ஏதாவது கட்டளையோ. என் பெட்டியின் கையேட்டில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. முதலில் மானிட்டரை ஆன் செய்து, பிறகு பெட்டி, படியெடுப்பு முடிந்ததும் கடைசியாகக் கம்ப்யூட்டர்கள். இந்த வரிசை மாறினால் பெட்டி பழைய ஜாதகத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது. படியெடுத்ததும் மானிட்டரின் பெயர் திரும்பி வந்தது, ஃபுல் ரேஞ்சும் ப்ரொஃபைலும் தானாக வந்து ஒட்டிக்கொண்டன.

பெட்டியில் அந்த வசதி இல்லை என்றால் கையால் மாற்றலாம். இன்டெல் கிராபிக்ஸ் மென்பொருளில் அது 'குவாண்டைசேஷன் ரேஞ்ச்', என்விடியாவில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்', ஏஎம்டியில் 'பிக்சல் ஃபார்மட்' என்ற இடத்தில் இருக்கும். மானிட்டரின் சொந்த மெனுவிலும் பிளாக் லெவல் என்றோ ஆர்ஜிபி ரேஞ்ச் என்றோ இதே விஷயம் இருக்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே பக்கம் வையுங்கள். கம்ப்யூட்டர் ஃபுல், மானிட்டர் லிமிடெட் என்று வைத்தால் எதிர்ப்பக்கம் கவிழும், நிழல்கள் எல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும். நான் இப்போது கறுப்பிலிருந்து சாம்பல் வரை இருபது கட்டங்கள் வரைந்த ஒரு படம் வைத்திருக்கிறேன். அட்டை வேலை தொடங்குமுன் அதைத் திறப்பேன். முதல் கட்டம் சுத்தக் கறுப்பாகவும், அடுத்தடுத்த கட்டங்கள் தனித்தனியாகவும் தெரிந்தால்தான் வேலை. ப்ரூஃப் எடுக்காமல் அச்சுக்குக் கொடுப்பதையும் நிறுத்தியாயிற்று, அதற்குக் கேவிஎம்மைக் குறை சொல்ல முடியாது.

'4கே' என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பக்கத்தில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 வரையிலான பெட்டி 4கேயை நொடிக்கு 30 தடவைதான் காட்டும். 60 வேண்டும் என்றால் 2.0, 18 கிகாபிட் என்று போட்டிருக்க வேண்டும். அண்ணன் மகன் தன் 4கே மானிட்டருக்கு என் முதல் பெட்டியை வாங்கிக்கொண்டு போய், மவுஸ் தண்ணீருக்குள் நகர்வது மாதிரி இருக்கிறது என்று இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்தான்.

தண்டமாகப் போனதைக் கூட்டிப் பார்த்தேன். முதல் பெட்டி, 5 மீட்டர் கேபிள், ஃபார்மட், கிராபிக்ஸ் கார்டு, அட்டை எல்லாம் சேர்த்து 11,550 ரூபாய். வேலை கெட்ட நாட்கள் தனி. இதில் வயிற்றெரிச்சல் எது தெரியுமா? ஜனவரியில் மேசையை ஒழித்துத் துடைக்கும்போதுதான், சுவரோரமாகவே இருந்த என் மானிட்டரின் முதுகை முதல் தடவை பார்த்தேன். அங்கே இரண்டு எச்டிஎம்ஐ துளைகள். இரண்டு கம்ப்யூட்டரையும் தனித்தனியாக நேராகச் சொருகி, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும் ஒரு யூஎஸ்பி சுவிட்ச் போட்டிருந்தால் போதும். அது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. திரையை மாற்ற மானிட்டரில் இன்னொரு பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சில மானிட்டர்கள் இன்புட் மாற்றும்போது மற்ற கம்ப்யூட்டரைக் கைவிடும் என்பதால் அதையும் ஒரு தடவை சோதித்துவிட வேண்டும். என் மானிட்டரில் சோதித்தேன், கைவிடவில்லை.

போன வாரம் பிழைதிருத்தும் தோழி ஒருத்தி, எந்தக் கேவிஎம் வாங்கலாம் என்று கேட்டு ஃபோன் செய்தாள். மானிட்டரைத் திருப்பி முதுகை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு, அப்புறம் பேசலாம் என்றேன்.